நூல்காரரின் முட்டுக்கட்டை

அவரை ஊரில் எல்லோரும் நூல்காரர் என்றே அழைத்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள், இவர் எங்கோ துணிக்கடை வைத்திருக்கிறார் போலும் என்று சில நாள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். துணிக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அங்குலத்தை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கைத் தச்சரும் இரும்பு வேலை செய்பவரும் ஒரு நூல் என்பார்கள். நூல்காரர் அந்த அளவை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டவர். கதவு தரையில் உரசினால் மூன்று நூல் சீவவேண்டும் என்பார். தம்ளரில் டீ குறைந்திருந்தால் நான்கு நூல் குறைகிறது என்பார். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைக்கும் இடத்தில் அவர் இரும்புச் சுருள் நாடா வைத்திருந்தார். முடிதிருத்தும் கடைக்காரர் கத்தரியைக் கையில் எடுத்ததும், "காதுக்கு மேல எத்தனை நூல் விடட்டும்?" என்று கேட்பார். நூல்காரர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல், சற்று யோசித்துப் பதில் சொல்வார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் ஒரு தானியக் கிடங்கில் எடைபோடுபவராக இருந்தார். கிடங்கை மூடியபோது கைக்கு வந்ததைக் கொண்டு ஒரு பழைய சிறிய டிராக்டரும், அதன் பின்னால் மாட்டும் டிப்பர் டிரெய்லர் ஒன்றும் வாங்கினார். ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், ஒன்றரை டன் தாங்கும் இரும்புப் பெட்டி. பெட்டிக்கு அடியில் ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி. டிராக்டரின் இருக்கைக்குப் பக்கத்திலுள்ள லீவரை அசைத்தால், ரப்பர் குழாய் வழியாக எண்ணெய் பாய்ந்து ஜாக்கி நீளும். பெட்டியின் முன்பக்கம் மேலே எழும். பின்பக்கம் இரண்டு கீல்களில் தங்கி நிற்க, சரக்கு தானாகச் சரிந்து கொட்டும். எரு, மண், கிழங்கு, தீவனம் என்று சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளுக்கு எதை அள்ளவேண்டுமானாலும் அந்த வண்டிதான். பெரிய லாரி திரும்ப முடியாத வரப்போரப் பாதையில் அது முனகாமல் போய்வந்தது.

முனகாமல் போனதற்குக் காரணம் அவர். ஈர எருவைப் பெட்டியின் பின்பக்கமாக மட்டும் குவிக்க விடமாட்டார். பாரம் பின்னால் இழுத்தால் டிராக்டரின் முதுகு தூக்கிக்கொள்ளும் என்பார். பின்கதவின் கொக்கியைக் கழற்றிக் கண்ணால் பார்த்த பிறகே பெட்டியைத் தூக்குவார். தரை ஒரு பக்கம் சரிந்திருந்தால், கொட்டவேண்டிய இடம் பத்தடியில் இருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு சமதரை தேடுவார். விவசாயிகள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பதினான்கு ஆண்டுகளில் அந்த டிரெய்லர் ஒருமுறைகூடக் கவிழ்ந்ததில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பராமரிப்பு நாள். கொட்டகைக்கு முன்னால், எப்போதும் அதே சக்கரத் தடத்தில், டிராக்டரின் முகம் வீட்டையும் டிரெய்லரின் முதுகு கொட்டகையையும் பார்க்க வண்டி நிற்கும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைப்பார். பெட்டியைத் தூக்குவார். மொத்தம் பதினொரு கிரீஸ் முனைகள், கீலுக்கும் அச்சுக்கும் மசகு ஏற்றும் சிறு துளைகள். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, கிரீஸ் கன்னின் மூக்கைப் பொருத்தி, ஏழு முறை அழுத்துவார். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் வாய் திறக்கமாட்டார். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். எடுத்த ஸ்பானரை வேலை முடிந்த கையோடு துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். ஒன்பதேகாலுக்கு ஆரம்பித்தால் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு முடியும். அந்த நாற்பது நிமிடத்தை வைத்தே அவர் மனைவி அடுப்பை ஏற்றுவாள், இறக்குவாள். இருபத்தாறு ஆண்டு இல்லறத்தில் அவளுக்குக் கடிகாரம் பார்க்கும் வேலையே இருந்ததில்லை.

லீவரில் கட்டும் சிவப்புத் துணிக்கும் ஒரு கதை உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன், அவர் தூக்கிய பெட்டிக்கு அடியில் இருந்தபோது, பக்கத்து நிலத்துக்காரனான அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, உதவி செய்வதாக நினைத்து லீவரைத் தொட்டுவிட்டான். பெட்டி மடமடவென்று இறங்கி, கீழே நிறுத்தியிருந்த முட்டுக்கட்டையில் மோதி நின்றது. முட்டுக்கட்டை என்பது ஒன்றுமில்லை, தூக்கிய பெட்டிக்கும் கீழே உள்ள சட்டத்துக்கும் இடையில் நிறுத்தும் ஒரு கனத்த மரத்துண்டு. அன்று அது இல்லாவிட்டால் நூல்காரர் இல்லை. அவர் தவழ்ந்து வெளியே வந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மைத்துனனை ஒரு வார்த்தை திட்டாமல் வீட்டுக்குள் போனார். பிறகு ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. அதற்குப் பதில் லீவரில் சிவப்புத் துணி வந்தது. துணி கட்டியிருந்தால், முற்றத்திலுள்ள தண்ணீர் டிரம்மைத் தாண்டி ஒருவரும் வரக்கூடாது. லீவர் என்ற சொல்லைக்கூட எடுக்கக்கூடாது. மனைவி ஒருமுறை, அது எப்படி இயங்குகிறது என்று காட்டச் சொன்னாள். "உனக்கு எதுக்கும்மா அது?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். இரண்டாம் முறை அவள் கேட்கவில்லை.

இவ்வளவு ஒழுங்கான மனிதர் செய்த பிழையும் ஒழுங்கைக் கருதிச் செய்ததுதான். முட்டுக்கட்டையை எடுத்துப்போக மறந்து, வயல்நடுவில் பெட்டியைத் தூக்கிவிட்டு அடியில் நுழைய முடியாமல் அவர் இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறார். கட்டை எப்போதும் வண்டியோடே இருக்கவேண்டும் என்று, சட்டத்தின் அடியில் அதற்கென ஓர் இரும்புக் கூடு அடித்துவைத்தார். கூடு கட்டையைவிடப் பதினாறு நூல், அதாவது இரண்டு அங்குலம், நீளம் குறைந்துபோயிற்று. கூட்டைப் பிரித்து அடிப்பதைவிடக் கட்டையை அறுப்பது எளிது. அறுத்தார். கட்டை அச்சு வார்த்ததுபோல் கூட்டில் உட்கார்ந்தது. அறுத்துவிழுந்த துண்டையும் வீணாக்காமல், காற்றுக்கு அடித்துக்கொள்ளும் சமையலறைக் கதவுக்கு அண்டக்கொடுத்தார்.

மைத்துனன் லீவரைத் தொட்ட நாளிலிருந்து, பெட்டியைத் தூக்கி, கட்டையை நிறுத்தி, பெட்டி கட்டையின் தலையில் உட்காரும்வரை இறக்கிவிட்டுத்தான் அடியில் போவார். கட்டை குறைந்த பிறகு, அப்படி உட்காரவைத்தால் பின்பக்கக் கீல்களின் கிரீஸ் முனைகள் பெட்டியின் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டன. கிரீஸ் கன்னின் மூக்கு எட்டவில்லை. ஆகவே பெட்டியைக் கட்டைக்கு மேல் பதினாறு நூல் உயரத்திலேயே ஜாக்கியின் பிடியில் நிறுத்திவைத்தார். கட்டைதான் கீழே நிற்கிறதே, இறங்கினாலும் இரண்டு அங்குலம்தானே என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னார். பதின்மூன்று மாதம் அந்தச் சமாதானம் செல்லுபடியாயிற்று.

பதினான்காம் மாதத்தின் முதல் சனிக்கிழமைக்கு முன்பே ஜாக்கியில் எண்ணெய் கசியத் தொடங்கியிருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். கீழே ஒரு டப்பா வைத்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சொட்டு என்றுகூட எண்ணினார். உதிரிபாகக் கடைக்காரர் நான்கு வாரமாக அடுத்த வாரம் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் என்ற அளவுக்கு நூல்காரரின் நாடாவில் கோடு இல்லை. கசிவு இருக்கிறது, ஆகவே இந்த மாதம் விட்டுவிடலாம் என்று வேறொருவர் நினைத்திருப்பார். அவர் முதல் சனிக்கிழமையை ஒருநாளும் விட்டதில்லை.

அன்று பேட்டரி வேறு இறங்கியிருந்தது. காலையில் வண்டியைச் சரிவில் உருட்டித்தான் என்ஜினைக் கிளப்பினார். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பதால் அதை ஓடவிட்டே வேலையை ஆரம்பித்தார். கல் வைத்தார், தூக்கினார், கட்டையை நிறுத்தினார், சிவப்புத் துணியைக் கட்டினார். சக்கர முனைகள், கொக்கி, ஜாக்கியின் அடி என்று எட்டு முனைகள் முடிந்தன. ஒன்பதாவது, இடப்பக்கக் கீல். சக்கரங்களுக்கு இடையே தரையில் உட்கார்ந்து, கால்களை வெளியே நீட்டி, வலக்கை விரல்கள் மூன்றைத் துணியோடு இடுக்கில் நுழைத்துப் பழைய கிரீஸை வழித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பது நாற்பது.

ஜாக்கி ஒரு பெருமூச்சு விட்டது. சத்தம் அவ்வளவுதான். பெட்டி ஓர் அங்குலம் இறங்கி நின்றது.

கட்டை இருக்கும் இடத்தில் எட்டு நூல் இறங்கினால் கீலுக்குப் பக்கத்தில் ஒரு நூல் இறங்கும். கணக்கு அவர் தலையில் தானாக ஓடியது. அந்த ஒரு நூலில்தான் அவருடைய மூன்று விரல்கள் இருந்தன. முதலில் வலிக்கவில்லை. யாரோ கையைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பிறகு வலி வந்தது. கண்ணில் நீர் முட்டி, எதிரே இருந்த சக்கரம் இரண்டாகத் தெரிந்தது.

அவர் கத்தினார். டிராக்டரின் தடதடப்பில் அந்தக் குரல் அவர் காதுக்கே எட்டவில்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு யோசித்தார். இடுக்கில் இரும்பாக எதையாவது செருகினால் மேலும் இறங்காமல் தடுக்கலாம். ஒரு ஸ்பானர் போதும். ஸ்பானர்களெல்லாம் துடைத்து அடுக்கப்பட்டு, கருவிப்பெட்டியில், மூடி சாத்தி, அவர் நீட்டிய காலுக்கு ஒரு முழம் அப்பால் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் சுற்றிலும் நான்கு சாமான்கள் இறைந்து கிடந்திருக்கும். கையருகே இருந்தது கிரீஸ் கன் மட்டுமே. அதன் உடல் இடுக்குக்குப் பெரிது. மூக்கைச் செருகினார். அது மெல்லிய குழாய். வைக்கோல் போல நசுங்கிற்று.

இடக்கையால் சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று பின்னால் அவரால் சொல்ல முடியவில்லை. நாடாவின் இரும்பு நாக்கை நீட்டி நீட்டி, மூன்றடி தள்ளி நின்ற முட்டுக்கட்டையின் தலைவரை கொண்டுபோனார். நாக்கு ஐந்து நூல் அகலம். அதைச் செங்குத்தாகத் திருப்பிக் கட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போய்வந்தது. இன்னும் எட்டு நூல் மிச்சம். கட்டையில் பெட்டி உட்கார்ந்துவிட்டால் அதற்குமேல் இறங்காது. ஆனால் உட்காரும்போது விரல் எலும்பு இருக்காது.

பத்து மணி வாக்கில் சாலையில் பால்வண்டி நின்றது. வண்டிக்காரர் தினமும் அந்த இடத்தில் ஹார்ன் அடித்து, மாலை மாட்டுப்பால் எத்தனை கேன் எடுக்கலாம் என்று கேட்டுவிட்டுப் போகிறவர். வேலிக்கு அப்பாலிருந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் சக்கரத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள். நூல்காரர் வலக்காலைத் தூக்கி ஆட்டினார். பிறகு இரண்டு கால்களையும் ஆட்டினார். பால்வண்டிக்காரர் கைதூக்கி, "ரெண்டு கேனா? சரிங்க!" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்று மாலை அவர் இரண்டு கேன் எடுக்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வண்டி போனதும் நாடாவை மறுபடி நீட்டினார். செங்குத்தாகத் திருப்பிய நாக்கு கட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே நுழைய மறுத்தது. ஐந்து நூல், அல்லது அதற்கும் குறைவு. இருபது நிமிடத்தில் மூன்று நூல் போயிருந்தது. மீதி ஐந்துக்கு முப்பத்துமூன்று நிமிடம். வாழ்நாள் முழுவதும் சரியான கணக்குக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. இந்த ஒரு கணக்கு மட்டும் தப்பாக இருக்கட்டும் என்று இப்போது விரும்பினார்.

பக்கத்து நிலத்திலிருந்து மைத்துனன் மண்வெட்டியுடன் வேலியருகே வந்தான். வந்து நின்று பார்த்தான். தூக்கிய பெட்டியையும் லீவரில் படபடத்த துணியையும் பார்த்தான். நூல்காரர் தொண்டை கிழியக் கூப்பிட்டார். அவன் தலையைச் சாய்த்துக் காதுகொடுப்பது கீழிருந்து தெரிந்தது. ஒரு கால் வேலிக்கு உள்ளே வந்தது. பிறகு அந்தக் கால் பின்வாங்கிற்று. ஆறு மாதம் பேசாத மாமாவின் முகம் அவனுக்கு நினைவு வந்திருக்கவேண்டும். அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனான்.

அவனை அவர் நொந்துகொள்ளவில்லை. சொன்னபடி கேட்டான், அவ்வளவுதான். எல்லோருமே சொன்னபடி கேட்டார்கள்.

மனைவியின் பாதங்கள் தெரிந்தன. துவைத்த துணிக்கூடையோடு கொடிக்கு வந்தாள். ஒவ்வொரு துணியாக உதறி விரித்தாள். அவருடைய சட்டை, அவருடைய வேட்டி, தலையணை உறை. அவ்வளவு நிதானமாக ஒருத்தி துணி காயப்போட்டு அவர் பார்த்ததில்லை. இத்தனை ஆண்டில் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. கூடை காலியானதும் டிரம் வரைக்கும் நடந்து வந்து, அங்கேயே நின்று, சாப்பிட வரவில்லையா என்று கேட்டாள். குரல் கேட்கவில்லை, ஆனால் சனிக்கிழமை அந்த நேரத்தில் அவள் கேட்பது அதுதான். அவர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். வீட்டில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. கூப்பிட்ட பெயர் அவளை எட்டவுமில்லை. பதில் வராததை அவள் எண்ணிக்கை ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டாள். பாதங்கள் திரும்பிச் சமையலறைக்குள் மறைந்தன.

அதற்குப் பிறகு கத்துவதை நிறுத்திவிட்டார். கையில் உணர்வு குறைந்துகொண்டே வந்தது. துணியில் ஊறியது கிரீஸா வேறா என்று பார்க்க அவருக்குத் துணிவில்லை. கட்டையின் தலைக்கும் பெட்டிக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கோடாக இருந்தது. அந்தக் கோடு மெலிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

சமையலறையில் அவர் மனைவி இரண்டு தட்டு வைத்து, ஒரு தட்டை மூடினாள். இதையெல்லாம் அவள் மருத்துவமனையில்தான் சொன்னாள். மூடிய தட்டை மீண்டும் திறந்து பார்த்தபோது சாப்பாடு ஆறியிருந்தது. இவர் வீட்டில் இருக்கும் நாளில் சாப்பாடு ஆறி அவள் கண்டதில்லை. கதவுக்கு அண்டக்கொடுத்திருந்த மரத்துண்டைத் தாண்டி வாசலுக்கு வந்து, துணி இன்னும் லீவரில் இருப்பதைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபத்தைந்து. அரை மணி நேரம் அதிகம். மழைக்குத் தாமதிக்காத மனிதர், மகள் கல்யாணத்தன்றுகூடத் தாமதிக்காத மனிதர்.

பாதங்கள் ஓடிவருவதை அவர் பார்த்தார். டிரம்மருகே வந்து ஒரு கணம் நின்றன. பிறகு தாண்டின.

அவள் குனிந்து முகத்தைக் காட்டியபோது அவர் முதலில் சொன்னது, "கட்டையைத் தொட்டுடாத" என்பதுதான். பிறகு கையைக் காட்டினார். அவள் அலறவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"என்ன செய்யணும், சொல்லுங்க."

"லீவர். லீவரைத் தள்ளு. பெட்டி மேல போகணும்."

அவள் எழுந்து டிராக்டரிடம் போனாள். அவள் இடுப்புக்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. துணியை அவிழ்ப்பது மட்டும் புரிந்தது. என்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்:

"எந்தப் பக்கம்? வீட்டுப் பக்கமா, கொட்டகைப் பக்கமா?"

நூல்காரர் வாயைத் திறந்தார். அந்த லீவரைக் கண்முன் கொண்டுவரப் பார்த்தார்.

பதினான்கு ஆண்டில் ஆயிரக்கணக்கான தடவை அசைத்த லீவர். ஆனால் அதை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அவர் நினைத்துச் செய்ததே இல்லை. இருக்கையில் உட்கார்ந்து, தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வலக்கையை விடுவார், கை செய்யும். அந்தக் கைக்குத் தெரியும். அந்தக் கை இடுக்கில் இருந்தது. இடக்கையைக் காற்றில் நீட்டி, இல்லாத லீவரைப் பிடித்துப் பார்த்தார். முன்னுக்குத் தள்ளினார், பின்னுக்கு இழுத்தார். இரண்டும் சரியாகத் தோன்றின. தப்பான பக்கம் போனால் மிச்சமிருக்கும் இடைவெளி ஒரு நொடியில் மூடிவிடும். வெளிச்சக் கோடு இப்போது ஒரு நூல்கூட இல்லை.

"என்னங்க, எந்தப் பக்கம்?"

"தெரியலம்மா," என்றார். "எனக்குத் தெரியல."

அந்தச் சொல்லை அவள் அதற்குமுன் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. டிராக்டர் தடதடத்துக்கொண்டிருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று அவர் அளக்கவில்லை.

பிறகு அவள் குரல் வந்தது. கேள்வியாக இல்லை, தனக்குத்தானே ஒப்பிப்பதுபோல் இருந்தது.

"சமையக்கட்டு ஜன்னல்ல பாத்திருக்கேன். நீங்க கொட்டகைப் பக்கமா தோளைச் சாய்ப்பீங்க, அப்பத்தான் பெட்டி ஏறும். எறக்குறப்ப முதுகு நிமிரும். அப்படித்தான். அப்படித்தான் இருக்கணும்."

"இரு," என்றார் அவர். "நல்லா யோசிச்சுக்கோ."

"எவ்வளவு நேரம் யோசிக்க?" என்று கேட்டுவிட்டு அவள் இழுத்தாள்.

என்ஜின் ஒருமுறை திணறியது. பெட்டி நடுங்கியது. அவர் கண்களை மூடிக்கொண்டார். மூடியபடியே கை தளர்வதை உணர்ந்தார்; யாரோ பிடியை விட்டதுபோல. பின்னால் சாய்ந்து, உருண்டு, சக்கரத்துக்கு வெளியே வந்து விழுந்தார்.

மைத்துனன்தான் வண்டி வைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். வழியெல்லாம், "நான் வந்தேன் மாமா, வேலி வரைக்கும் வந்தேன். துணி இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நூல்காரர் இடக்கையை அவன் தொடையில் வைத்தார். வேறு சமாதானம் அவரிடம் இல்லை. நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாம் கணுவோடு போயின. ஆள்காட்டிவிரல் மிஞ்சிற்று, ஆனால் மடங்கவில்லை. எவ்வளவு நீளம் எடுத்தார்கள் என்று டாக்டரைக் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டார்.

முட்டுக்கட்டையைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஜாக்கி சீல் போய்விட்டது, அதனால் நடந்தது என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அறுத்த கட்டையைப் பற்றி அவரும் மனைவியிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் வீடு திரும்பிய நாளில் தச்சுப்பட்டறையிலிருந்து புதிய கட்டை ஒன்று வந்து கொட்டகையில் சாய்ந்திருந்தது. அதன் நீளத்தைச் சொல்லிச் செய்யச் சொன்னது யார் என்று விசாரித்தார். அக்காதான், பழைய கட்டையையும் சமையலறைக் கதவுத் துண்டையும் சேர்த்து எடுத்துப்போய், இரண்டும் சேர்ந்த நீளம் வேண்டும் என்று தச்சரிடம் கொடுத்தாள் என்றான் மைத்துனன். துண்டு மறுபடி கதவடிக்கே வந்துவிட்டது. அவர் தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போனார்.

வண்டியை விற்றுவிடலாம் என்று அவர் சொன்னார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புது சீல் வந்தது, புது பேட்டரி வந்தது. இரண்டு மாதம் மைத்துனன் ஓட்டினான். பிறகு அவள் அவனிடம் கற்றுக்கொண்டாள். விவசாயிகள் ஆரம்பத்தில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கிழங்கு பிடுங்கும் பருவம் வந்தபோது, வண்டி எப்போது வரும் என்று வாசலில் வந்து அவளைத்தான் கேட்டார்கள். புதிய கட்டை இரும்புக் கூட்டுக்குள் நுழையாது. அவள் அதைப் பெட்டிக்குள்ளே போட்டு ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டு போனாள். கயிற்றின் முடிச்சு சரியில்லை என்று அவருக்குத் தோன்றும். இடக்கையால் முடிச்சுப் போட அவருக்கு இன்னும் வரவில்லை.

நான்காம் மாதத்து முதல் சனிக்கிழமை. வண்டி வழக்கமான தடத்தில் நின்றது. அவள் கல் வைத்து, பெட்டியைத் தூக்கி, கட்டையை நிறுத்தி, பெட்டியைக் கட்டையின் தலையில் உட்காரவைத்தாள். என்ஜினை அணைத்தாள். சிவப்புத் துணியை லீவரில் கட்டவில்லை. அவர் தண்ணீர் டிரம்முக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார்.

"அங்க எதுக்கு நிக்கிறீங்க? இங்க வாங்க," என்றாள். அவரைக் கூட்டிப்போய் லீவருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "நான் உள்ள இருக்குற வரைக்கும் நீங்க இங்கதான் நிக்கணும். லீவரைத் தொட வேண்டாம். யாரையும் தொட விட வேண்டாம். நான் கூப்பிட்டா கேக்குற தூரத்துல நில்லுங்க, அது போதும்."

"நான் நின்னு என்ன செய்யப் போறேன்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். நில்லுங்க."

வேலிக்கு அப்பாலிருந்து மைத்துனன், மாமாவுக்கு நல்ல உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று குரல் கொடுத்தான். அவள் சிரித்துக்கொண்டே கிரீஸ் கன்னோடு குனிந்து அடியில் போனாள்.

அவர் நின்றார். அவள் ஏழு என்று எண்ணுவதில்லை. பழைய கிரீஸ் பிதுங்கிப் புதியது ஓரத்தில் தெரியும்வரை அழுத்துவாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் சரி என்றுகூட அவருக்கு இப்போது பட்டது. எண்ணிக்கை இல்லாததால் எந்த முனையில் இருக்கிறாள், இன்னும் எவ்வளவு நேரம் என்று வெளியிலிருந்து கணிக்க வழியில்லை. வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். இடக்கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் நாடாவை எடுத்தது. கட்டையின் தலையைப் பார்த்தார். பெட்டி அதன்மேல் முழுக்க அமர்ந்திருந்தது. நடுவே வெளிச்சம் இல்லை, அளப்பதற்கு இடமில்லை. நாடாவை மறுபடி பையில் போட்டார்.

"ஆச்சா?" என்று கேட்டார்.

பதில் வரவில்லை.

என்ஜின் ஓடவில்லை. காற்றும் இல்லை. அவர் குரல் போய்ச் சேர்ந்திருக்கும். குனிந்து பார்க்கலாம் என்று முழங்காலை மடக்கினார். அதற்குள் லீவரை விட்டு நகரக்கூடாது என்பது நினைவு வந்து நிமிர்ந்தார். இன்னொரு முறை, சற்று உரக்க, அவள் பெயரைச் சொல்லிக் கேட்டார். சக்கரத்துக்குப் பக்கத்தில் அவளுடைய ஒரு பாதம் தெரிந்தது. அது அசைகிறதா, இல்லையா என்று, சனிக்கிழமைதோறும் டிரம்மருகே அவள் நின்றதுபோல், அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.